இறவாரத்தின் கீழ் ஒரு சொல்

பெங்களூர் காக்ஸ் டவுனில் மழை ஓய்ந்த ஒரு மாலை, பழைய ஓட்டு வீடொன்றைக் கடந்து சென்றோம். இறவாரம் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு தாய் மகளுக்குத் தமிழில் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். நம் கால்கள் தாமே நின்றுவிட்டன. வெளிமாநிலத்தில் வாழ்வோர்க்கு இது புதிதன்று.

அவ்வாறு நின்று கேட்பதை ஆங்கிலத்தில் 'ஈவ்ஸ்ட்ராப்' என்பர். 'ஈவ்ஸ்' இறவாரம், 'ட்ராப்' சொட்டு. கூரைநீர் அயலான் நிலத்தில் விழாதிருக்க, எல்லையில் சிறிது இடம் விட்டே வீடு கட்டவேண்டும் என்பது அந்நாட்டுப் பழைய வழக்கம். அந்தச் சொட்டுநிலத்துக்கே முதலில் இப்பெயர் வழங்கிற்று. பின்னர் அங்கு நின்று உட்பேச்சைக் கேட்பவனுக்கும், அவன் செயலுக்கும் வந்தது. கேட்டதைக் கொண்டு அவதூறு கட்டுவோரைப் பொதுத்தொல்லை என்று தம் சட்ட நூலில் எழுதினார் பிளாக்ஸ்டன். இங்கிலாந்தில் இக்குற்றம் 1967-இல்தான் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது!

தமிழ் இறவாரத்தை நாடவில்லை, 'ஒட்டுக்கேட்டல்' என்றது. சுவரோடு ஒட்டி நிற்கும் உருவமே கண்முன் வருகிறது. வள்ளுவரும் 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' அதிகாரத்தில் இதனை விலக்கி, மறைபொருளை அரசன் தானே வெளியிட்ட பின்பே கேட்கச் சொல்கிறார். தொலைபேசிக்குச் சுவருமில்லை, இறவாரமுமில்லை. ஆயினும் மொழிபெயர்ப்பில் 'தொலைபேசி ஒட்டுக்கேட்பு' என்றே தயங்காது எழுதுகிறோம். அது அந்தரங்க உரிமையைத் தொடுவது என 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அன்று காக்ஸ் டவுனில் நாம் செய்தது எது? அந்த அம்மாள் பேச்சை நிறுத்திச் சன்னலருகே வந்து, யாரென்று கன்னடத்தில் வினவினாள். தமிழில் விடை சொல்ல நாணி, நடந்துவிட்டோம்.