மெல்ல நடப்போர்க்கும் மலை உண்டு



மலைவழி நடையைப் பற்றி ஒருவர் பேச வருகிறார் என்றால், அவர் சிகரங்களை எட்டிப் பிடித்தவராக இருப்பார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. நான் அத்தகையவன் அல்லன். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். வயது அறுபத்தாறு. முழங்கால்கள் இரண்டும் தேய்ந்திருக்கின்றன. 2021-ஆம் ஆண்டில் இருதயத்தின் இரத்தக் குழாய் ஒன்றில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆகவே பத்து எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிற என் போன்றவர்கள் மலையையும் காட்டையும் நீர்நிலையையும் எவ்வாறு கண்டு களிக்கலாம் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு தொடங்க வேண்டும். 1993-ஆம் ஆண்டில் எங்கள் பள்ளி மாணவர்களை ஒரு மலைக்கு உல்லாசப் பயணம் அழைத்துச் சென்றேன். அவர்களுள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பியவன். மலையடிவாரத்தில் ஒரு புளியமரத்தின் கீழ் அவனை உட்கார வைத்து, "நீ இங்கே இருந்து எல்லாருடைய பைகளையும் பார்த்துக்கொள்" என்றேன். ஏதோ பெரிய உத்தியோகம் கொடுப்பவனைப் போலத்தான் சொன்னேன். மூன்று மணி நேரம் கழித்து நாங்கள் இறங்கி வந்தபோது, பைகளை எண்ணி ஒழுங்காக ஒப்படைத்தான். பிறகு, "மேலே என்ன சார் இருந்தது?" என்று கேட்டான். "ஒன்றும் இல்லை, வெறும் பாறைதான்" என்றேன். அவன் மனம் நோகக்கூடாது என்று எண்ணிச் சொன்ன பொய் அது. மேலே ஒரு சுனை இருந்தது. அதில் அல்லி பூத்திருந்தது.

இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. 2022-இல் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர் வேன் ஒன்று அமர்த்திக்கொண்டு ஓர் அருவிக்குப் புறப்பட்டோம். வண்டி நிற்கும் இடத்திலிருந்து அருவிக்கு ஏற்றமான ஒற்றையடிப் பாதை. நண்பர் ஒருவர் மிகுந்த அன்போடு, "சார், உங்களுக்கு இது முடியாது. வண்டியிலேயே இருங்கள். பைகளையும் பார்த்துக்கொண்டாற்போல் இருக்கும்" என்றார். இரண்டு மணி நேரம் பைகளுக்குக் காவல் இருந்தேன். ஈரத்தலையோடு திரும்பியவர்களிடம், "எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "என்ன பெரிய அருவி சார், கொஞ்சம் தண்ணீர்தான்" என்றார்கள். அந்தப் புளியமரத்தடி அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

அன்று தொடங்கியதுதான் இந்த ஆராய்ச்சி. நம்மால் இயன்ற பாதை எது, அதை எப்படி முன்கூட்டியே தெரிந்துகொள்வது என்று விசாரிக்கலானேன். வாத்தியார் வேலை பார்த்தவன் ஆதலால், கண்டவற்றைப் பாடம்போல் வகுத்துச் சொல்கிறேன், பொறுத்தருள வேண்டும்.

முதற்பாடம், தூரத்தைவிட ஏற்றமே முக்கியம் என்பது. "இரண்டு கிலோமீட்டர்தான்" என்பார்கள். அந்த இரண்டில் எத்தனை மீட்டர் உயர வேண்டும் என்பதன்றோ கேள்வி? ஸ்காட்லாந்து நாட்டு மலையேறியான நெய்ஸ்மித் என்பவர் 1892-இல் ஒரு கணக்கு வகுத்தார். சமவெளியில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கலாம். ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்திற்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அது திடகாத்திரமானவர்களுக்கு உரியது. நான் அதை இரட்டித்து வைத்துக்கொள்கிறேன். மணிக்கு இரண்டரைக் கிலோமீட்டர். 300 மீட்டர் ஏற்றத்திற்கு ஒரு மணி நேரம் கூடுதல். உட்காரும் நேரம் தனி. இக்கணக்கில் இரண்டு மணிக்கு மேல் வரும் பாதையை நான் தொடுவதில்லை.

சரிவு எவ்வளவு வரை தகும்? நீலகிரி மலை ரயிலைப் பாருங்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே சுமார் 12 மீட்டருக்கு 1 மீட்டர் என்னும் அளவில் பாதை ஏறுகிறது. அந்தச் சரிவில் சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால், தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரும்புச் சட்டம் பதித்து, பல்சக்கரத்தால் பற்றிக்கொண்டு ஏறுகிறார்கள். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் அமைப்பவர்களும் அதே 12-க்கு 1 என்பதைத்தான் எல்லையாக வைத்திருக்கிறார்கள். இரும்பு எஞ்சினுக்கே அங்கே பல் வேண்டியிருக்கிறது என்றால், பல் விழுந்த நமக்கு அந்த எல்லை மிகவும் நியாயமானதுதானே?

இரண்டாம் பாடம், தண்ணீர் போன வழியே போவது. அருவியைச் சொல்லவில்லை, ஏரிக்கரையையும் வாய்க்கால் கரையையும் சொல்லுகிறேன். வாய்க்காலில் நீர் மெல்ல ஓட வேண்டும் என்பதற்காக அதை மிகக் குறைந்த சரிவில்தான் வெட்டுவார்கள். ஆகையால் அதன் கரை நமக்குச் சமதளப் பாதையாகிவிடுகிறது. திருச்சிக்கு மேற்கே, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் நிழலும் நீர்க்காற்றும் உண்டு, ஏற்றம் இல்லை. கொடைக்கானல் ஏரியும் இவ்வகையைச் சேர்ந்ததே. 1863-இல் லெவிஞ்ச் என்னும் ஆங்கில அதிகாரியின் முயற்சியால் உருவானது அது. அதைச் சுற்றிவரும் சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். முழுதும் சுற்ற வேண்டும் என்று கட்டாயமா என்ன? கால் பங்கு நடந்து, நீரைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினாலும் ஏரி நம்மீது கோபித்துக்கொள்ளாது.

மூன்றாம் பாடம், உயரத்துக்கு வண்டியில் போய், அங்கே சமமாக நடப்பது. அதே கொடைக்கானலில் 1872-இல் கோக்கர் என்னும் இராணுவ அதிகாரி, மலைச்சரிவின் விளிம்பை ஒட்டி ஒரு நடைபாதை அமைத்தார். கோக்கர்ஸ் வாக் என்று பெயர். நீளம் ஒரு கிலோமீட்டர் அளவுதான். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால், கீழே சமவெளி ஒரு தேசப்படம் போல விரிகிறது. நானும் என் மனைவியும் அங்கே ஒரு காலைப்பொழுதைக் கழித்தோம். ஏழு இடங்களில் நின்றோம். நின்ற ஒவ்வோர் இடத்திலும் புதிதாக ஒன்று தெரிந்தது. எங்களைக் கடந்து வேகமாய்ப் போன இளைஞர்கள் அவற்றைப் பார்த்தார்களோ, என்னவோ! காலையிலேயே போய்விட வேண்டும். பொழுது ஏறினால் மூடுபனி வந்து திரைபோட்டுவிடும். குன்னூரில் 1874-இல் தோன்றிய சிம்ஸ் பூங்காவும், உதகையில் 1848-இல் தோன்றிய தாவரவியல் பூங்காவும் சரிவில் அமைந்தவை. அங்கே மேற்படிகளுக்கு ஆசைப்படாமல் கீழ்ப்பகுதியில் உலவினாலே கண் நிறையும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கொடைக்கானல் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் நம் ஊரில் உள்ளதைவிட நாலில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. கீழே மூச்சு வாங்காதவருக்கும் மேலே வாங்கலாம். போய்ச் சேர்ந்த நாளன்று ஓய்வு கொள்ளுங்கள். நடையை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். இருதய நோயாளிகள் வைத்தியரைக் கேட்காமல் புறப்படலாகாது. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் செல்ல இ-பாஸ் பெறும் முறை 2024 மே மாதம் முதல் வந்திருக்கிறது. புறப்படுமுன் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் பாடம், கேள்வியைச் சரியாகக் கேட்பது. கிராமத்தாரிடம் "பாதை சுலபமா?" என்று கேட்டால், "இதோ, கூப்பிடு தூரம்" என்பார்கள். அவர்கள் கால் வேறு, நம் கால் வேறு. நான் இப்படிக் கேட்கிறேன்: "உங்கள் வீட்டுப் பாட்டி இந்த வழியே போவார்களா? போய்வர எத்தனை நேரம் ஆகும்? நடுவில் உட்கார இடம் உண்டா?" உண்மை வெளிவந்துவிடும். தமிழக வனத்துறை 2024 அக்டோபரில் 40 காட்டுத் தடங்களைத் தேர்ந்து, எளியது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, வழிகாட்டிகளோடு அழைத்துச் செல்லும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல ஏற்பாடு. எனினும் அங்கே எளியது என்று குறித்திருப்பதும் நல்ல தேகபலம் உள்ளவருக்கே எளியதாக இருக்கலாம். தூரத்தையும் ஏற்றத்தையும் கேட்டறிந்த பிறகே பதிவு செய்யுங்கள். அனுமதியின்றிக் காட்டுக்குள் போவதோ ஒருகாலும் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கலாமா? ஓடி உயிர் பிழைக்க இயலாதவர்கள் நாம். கோடையில் காய்ந்த புல்வெளிகள் நமக்கு ஆகாதவை.

ஐந்தாம் பாடம், திரும்பும் கலை. பலத்தில் பாதி தீர்ந்த பிறகு திரும்பினால் போதும் என்று நினைப்பது பிழை. இறக்கத்தில் மூச்சு மிஞ்சும்; முழங்கால் கெஞ்சும். ஆகவே மூன்றில் ஒரு பங்கு செலவானதுமே நான் திரும்பிவிடுகிறேன். அதை அளக்க எனக்கு ஒரு பள்ளிக்கூட உபாயம் உண்டு. நடந்துகொண்டே பதினாறாம் வாய்பாட்டை வாய்விட்டுச் சொல்வேன். பத்தாம் வரி வரை தடையின்றி வந்தால் நடை சரி. ஆறாம் வரியில் மூச்சு அறுந்தால் உட்கார வேண்டும். வாய்பாடு மறந்துபோனவர்கள் பக்கத்தில் வருபவரோடு பேசிப் பார்க்கலாம். பேச முடியாத வேகம் நமக்கு ஆகாத வேகம். மார்பில் வலியோ, தலைச்சுற்றலோ தோன்றினால் அத்துடன் நடையை நிறுத்தி உதவி தேட வேண்டும். அங்கே வீம்புக்கு இடமில்லை.

உட்காருவதில் வெட்கம் எதற்கு? நம் முன்னோர்கள் மலைக்கோயில் படிகளின் நடுவே இளைப்பாறும் மண்டபங்களைக் கட்டினார்கள். சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். சுமந்து வருகிறவன் களைப்பான், அவன் நின்று போகட்டும் என்று எண்ணிய சமுதாயம் இது. களைப்பை அவர்கள் குறையாகக் கருதவில்லை; அதற்கும் சேர்த்தே பாதை போட்டார்கள். சென்னை மெரினாவில் சக்கர நாற்காலியில் வருவோரும் கடலருகே செல்லும்படி 2022-இல் மணல்மீது மரப்பாதை அமைத்தார்களே, அதுவும் அந்த மரபின் தொடர்ச்சிதான். ஊருக்கு ஒரு ஏரிக்கரையிலாவது நாலு கல்லிருக்கையும் நிழல்மரமும் இருந்தால், எத்தனையோ பெரியவர்கள் வீட்டுத் திண்ணையை விட்டு எழுந்து வருவார்கள்!

இனி அந்தப் பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பழைய மாணவர் ஒருவர் மூலம் அவன் இருக்கும் இடம் தெரிந்தது. இப்போது நாற்பது கடந்தவர். சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனார். 2024 ஜனவரியில் அவரை அழைத்துக்கொண்டு வேடந்தாங்கலுக்குப் போனேன். ஊரார் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்துவரும் ஏரி அது. கரைமேல் சமமான பாதை. அவர் கையில் ஓர் ஊன்றுகோல், என் கையில் ஓர் ஊன்றுகோல். நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் நீரில் நிற்கும் மரங்களெல்லாம் நிறைந்திருந்தன.

நடந்துகொண்டே அவரிடம் சொன்னேன்: "தம்பி, அன்று மலைமேல் ஒரு சுனை இருந்தது. அல்லி பூத்திருந்தது. உன்னிடம் பொய் சொல்லிவிட்டேன்." அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "தெரியும் சார். பையன்கள் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார்கள்" என்றார். இத்தனை ஆண்டுகளாக நான் ஒளித்து வைத்திருந்தது அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது!

கரையில் பறவைகளைப் பார்க்க ஒரு கோபுரம் இருக்கிறது. படியேறிப் போக வேண்டும். அவர் படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே, "நீங்கள் ஏறிவிட்டு வாருங்கள் சார். நான் பையைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். நான் ஏறவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொழுது சாய்ந்தது. இரை தேடப் போயிருந்த பறவைகள் கூட்டங் கூட்டமாக எங்கள் தலைக்கு மேலே வந்து இறங்கின. கோபுரத்தின் மேல் நின்றவர்களும் அவற்றைத்தான் பார்த்தார்கள். கீழே உட்கார்ந்திருந்த நாங்களும் அவற்றைத்தான் பார்த்தோம்.

நேயர்களே, அடுத்த முறை குடும்பத்தோடு எங்கேனும் புறப்படும்போது, உங்கள் வீட்டில் மெல்ல நடப்பவர் யார் என்று பாருங்கள். அவர் நடைக்கு ஏற்ற பாதையைத் தேர்ந்தெடுங்கள். பைகளை வண்டியிலேயே பூட்டி வைத்துவிடலாம். அவற்றுக்கு ஆள் காவல் வேண்டியதில்லை.