மலையில் எழுதிய பெயர்கள்



மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில் நாகமலை புதுக்கோட்டை உள்ளது. அதற்குச் சிறிது தொலைவில், கீழக்குயில்குடி என்னும் சிற்றூரையொட்டிச் சமணர் மலை நிற்கிறது. அடிவாரத்தில் ஆலமரமும் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும் உண்டு. விடுமுறை நாளில் அங்குச் சென்று இளைப்பாறுவோர் பலர். தாம் நிற்கும் இடத்தின் பெருமையை அறிந்தோர் சிலரே.

மலையின் ஒருபுறம் செட்டிப்புடவு என்னும் குகை இருக்கிறது. புடவு என்றால் குகை. முகப்பில் அமர்ந்துள்ள பெரிய தீர்த்தங்கரர் உருவத்தை ஊரார் செட்டியார் என்று வழங்கியதால் இப்பெயர் வந்தது என்பர். குகையினுள், சிங்கத்தின்மேல் அமர்ந்து, யானைமேல் வரும் பகைவனோடு பொருகின்ற இயக்கியின் சிற்பத்தைக் காணலாம். மற்றொரு பக்கம் பேச்சிப்பள்ளம். அங்கே சுனைக்கு அருகே மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி முதலியோரின் உருவங்கள் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. இவை ஏறத்தாழ 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை.

அச்சிற்பங்களின் கீழே வட்டெழுத்தில் பெயர்கள் காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, அச்சணந்தி என்னும் துறவியின் தாயார் குணமதியார் அத்திருமேனியைச் செய்வித்தார் என்று கூறுகிறது. அரசியல்ல, படைத்தலைவியுமல்ல, ஒரு தாய். அவர் பெயர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருப்பது ஏன்? உலகுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதன்கீழ்த் தம் பெயரைப் பொறித்தார். இன்றோ, எதையும் கொடாமல் தம் பெயரை மட்டும் கல்லில் கீறிச் செல்வோர் உளர். முன்னது கொடை, பின்னது காயம்.

இக்காயம் ஆறாது. கட்டடக் கோயிலில் ஒரு கல் பழுதுற்றால் வேறு கல்லை வைத்துக் கட்டலாம். பாறைச் சிற்பத்திற்கோ மலையே சுவர்; மலையே கூரை. மலை சிதைந்தால் சிற்பத்தை மீட்க வழியில்லை. மதுரையைச் சுற்றிக் கல்லுக்காக வெட்டப்பட்டு உருக்குலைந்த குன்றுகளைக் கண்டோர் இதனை உணர்வர்.

ஆகவேதான் சட்டம் சின்னத்தை மட்டுமன்றி, அதனைச் சூழ்ந்த நிலத்தையும் காக்கிறது. சமணர் மலைச் சிற்பங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. பழஞ்சின்னங்கள் பற்றிய 1958-ஆம் ஆண்டுச் சட்டம் 2010-இல் திருத்தப்பட்டது. அதன்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடமும் சுரங்க வேலையும் விலக்கப்பட்டன. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே எதையும் செய்யலாம். சின்னத்தைச் சிதைப்போர்க்கு 2 ஆண்டு வரை சிறையோ, 1 லட்ச ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ உண்டு.

எனினும், ஒவ்வொரு பாறைக்கும் ஒரு காவலரை நிறுத்த எந்த அரசாலும் இயலாது. எஞ்சிய காவல் உங்களுடையது. அம்மலைக்குச் செல்லுங்கள், எழுத்துகளை உற்று நோக்குங்கள், ஒரு குறிப்பேட்டில் வரைந்துகொள்ளுங்கள். ஆணியும் சுண்ணமும் வீட்டிலேயே இருக்கட்டும். குணமதியாரின் பெயரை நமக்குப் பின் வருவோரும் படிக்கவேண்டும்.