பி.இ. 5 என்றால் மலிவா? கப்பல் கம்பெனிப் பங்குகள் பற்றி ஒரு பேச்சு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் காலை நடையின்போது பி பிளாக் நண்பர் ஒருவர் கைப்பேசியை நீட்டினார். "சார், இந்தக் கப்பல் கம்பெனிப் பங்கு பி.இ. 5தான். மற்றதெல்லாம் 25, 30 இருக்கு. ரிட்டயர்மென்ட் பணத்துல 5 லட்சம் போடலாமா?" என்று கேட்டார். நடந்துகொண்டே சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை அது. செயலாளர், "கூட்டத்திலேயே பேசுங்களேன்" என்றார். நான் சந்தை நிபுணன் அல்ல. பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்தவன். இந்த விஷயத்தில் கையைச் சுட்டுக்கொண்டவன், அவ்வளவுதான்.

பங்கின் விலையை, ஒரு பங்குக்குக் கிடைத்த ஆண்டு லாபத்தால் வகுத்தால் வருவது பி.இ. விலை 400, லாபம் 80 என்றால் பி.இ. 5. இதே லாபம் தொடர்ந்தால் 5 வருடத்தில் போட்ட பணத்துக்கு ஈடான லாபம் வரும் என்று பொருள். 'தொடர்ந்தால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். சோப்பு விற்கும் கம்பெனிக்கு லாபம் ஓரளவு தொடரும். கப்பலுக்கு அப்படியில்லை.

காரணம், சரக்குக் கட்டணம் கம்பெனியின் கையில் இல்லை. வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோதே எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துத்தான் அடித்தது. இன்று உலகச் சந்தையே கட்டணத்தை நிர்ணயிக்கிறது. நிலக்கரி, இரும்புத்தாது ஏற்றும் கப்பல்களின் வாடகையைக் காட்டும் பால்டிக் குறியீடு 2008 மே மாதம் 11,793 வரை போனது. அதே டிசம்பரில் 663. வாடகை விழுந்தாலும் மாலுமி சம்பளம், கடன் வட்டி, இன்சூரன்ஸ் எதுவும் குறையாது. லாபம்தான் கரையும். கட்டணம் ஏறும்போது எல்லோரும் புதுக் கப்பலுக்கு ஆர்டர் கொடுப்பார்கள். கட்டி வர இரண்டு, மூன்று வருடம் ஆகும். வந்து சேரும்போது கப்பல் அதிகம், சரக்கு குறைவு. கொரோனாவுக்குப் பின் மெர்ஸ்க் கம்பெனி 2022-ல் சுமார் 2,900 கோடி டாலர் லாபம் பார்த்தது. அடுத்த ஆண்டே அது 400 கோடிக்கும் கீழே வந்துவிட்டது.

என் கதைக்கு வருகிறேன். 2008-ல் ஒரு கப்பல் பங்கை, பெயர் வேண்டாம், 400 ரூபாய்க்கு 500 பங்கு வாங்கினேன். பி.இ. 5. பெண்ணின் கல்லூரிக்கு ஒதுக்கிய 2 லட்சம் அது. ஒரு வருடத்துக்குள் விலை 150 ஆனது. பங்குக்கு 80 இருந்த லாபம் 10 ஆனது. இப்போது பி.இ. 15! விலை இறங்கியும் பி.இ. ஏறியிருக்கிறது. கட்டணம் கட்ட வேண்டியிருந்ததால் 75,000-க்கு விற்றேன். மீதிக்கு வீட்டுக்காரம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பழகியவன், அன்று இந்தப் பக்கம் நின்றேன்.

நம் தென்னேரி ஏரியை மார்கழியில் பார்த்தால் கடல் மாதிரி இருக்கும். அதை மட்டும் பார்த்து மூன்று போகத்துக்கும் தண்ணீர் உண்டு என்று யாராவது நிலம் வாங்குவார்களா? வைகாசியிலும் வந்து பார்க்க வேண்டும். கப்பல் கம்பெனியில் பி.இ. மிகக் குறைவாகத் தெரிவது பெரும்பாலும் மார்கழி ஏரிதான்.

அப்படியானால் என்ன செய்வது?

ஒன்று, கடைசி 10 வருட லாபத்தைக் கூட்டிச் சராசரி எடுங்கள், நஷ்ட வருடங்களையும் சேர்த்து. சராசரி 20 என்றால், 400 ரூபாய்ப் பங்கின் உண்மையான பி.இ. 5 அல்ல, 20.

இரண்டு, கப்பல்களை இன்று விற்றால் வரும் தொகையில் கடனைக் கழித்து, பங்கு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். கிரேட் ஈஸ்டர்ன் ஷிப்பிங் போன்ற கம்பெனி இந்த நிகர மதிப்பைத் தானே வெளியிடுகிறது. இது சிபாரிசு அல்ல, உதாரணம்.

மூன்று, லாபத்தில் பழைய கப்பல் விற்ற பணம் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். அது அடுத்த வருடம் வராது.

நண்பருக்கு என் பதில்: இந்த மூன்றையும் போட்டுப் பார்த்த பிறகு, நஷ்டமானாலும் வீட்டுச் செலவு நிற்காத அளவு பணம் மட்டும் போடுங்கள். ஓய்வுக்கால வைப்புத் தொகையை உடைக்காதீர்கள். கணக்குப் போடத் தயக்கமாக இருந்தால் ஆண்டறிக்கையோடு வீட்டுக்கு வாருங்கள். காபி என் பொறுப்பு.