கண் படத்தை மிஷின் தள்ளிட்டா?

இன்னிக்கு சமயபுரத்துல இருந்து பேசறேன். கோயில் வாசல் கடைகள்ல கண்மலர் அடுக்கி வெச்சிருக்காங்க. பார்த்ததும் இந்த விஷயம்தான் ஞாபகம் வந்தது.

சர்க்கரை நோய் விழித்திரையைச் சத்தமில்லாமக் கெடுக்கும். அதைப் படத்துலயே கண்டுபிடிக்கிற ஏ.ஐ. பத்தி 2016-ல கூகுள் ஆய்வு வெளியிட்டது. அதுல அரவிந்த், சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளோட படங்களும் உண்டு. முடிவு, கண் டாக்டர்களுக்கு நிகர்.

அப்புறம் தாய்லாந்து கிளினிக்குகளுக்குப் போச்சு. அங்க 1,838 படங்கள்ல 21 சதவீதத்தைத் தெளிவில்லைன்னு தள்ளிடுச்சு. பல அறைகளை இருட்டாக்கவே முடியலை. தள்ளப்பட்டவங்க இன்னொரு நாள், இன்னொரு ஊருக்குப் போகணும்.

நம்ம ஊர்லயே யோசிச்சுப் பாருங்க. கூலியை விட்டுட்டு வந்த ஒரு அம்மாகிட்ட, மறுபடி திருச்சிக்குப் போங்கன்னா போவாங்களா? எனக்குச் சந்தேகம்தான்.

அரவிந்தோட கிராமப் பார்வை மையங்கள்ல கண் டாக்டர் இருக்க மாட்டார். ஆனா மருத்துவமனையில இருந்து வீடியோவுல பேசுவார். ஏ.ஐ. கேமரா வாங்கலாமான்னு கேட்கிற கிளினிக்காரங்களுக்கு நான் சொல்றது: முதல்ல அந்த வீடியோ வசதிக்கும், ஜன்னலுக்கு ஒரு கறுப்புத் திரைக்கும் விலை விசாரிங்க.