தண்ணீர் வந்த நாள்



நம் குமரி மாவட்டத்துக்கென்று சில துக்க நாட்கள் உண்டு. தமிழகத்தோடு இணையக் கேட்டவர்கள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் விழுந்த 1954 ஆகஸ்ட் 11. குளச்சலிலும் மேலமணக்குடியிலும் கடல் ஊருக்குள் புகுந்த 2004 டிசம்பர் 26. கடலுக்குப் போனவர்களுக்காகத் தூத்தூர், வள்ளவிளைக் கரைகள் காத்துக் காத்து அழுத 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். அந்நாட்களில் மலர் வைக்கிறோம், மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். ஒருபோதும் அதை விடக் கூடாது.

ஆனால் மாத்தூர்த் தொட்டிப் பாலம் கட்டப்பட்டது எந்த ஆண்டு என்று இங்கே கேட்டால் எத்தனை பேர் கை தூக்குவோம்? 1966. விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களின் வறட்சி தீரக் காமராசர் காலத்தில் எழுந்த திட்டம் அது. பறளியாற்றுக்கு மேல் ஏறத்தாழ 115 அடி உயரத்தில், 28 தூண்கள் மீது, 384 மீட்டர் நீளத்துக்கு ஒரு கான்கிரீட் தொட்டி. நடைபாதையில் நின்று உள்ளே எட்டிப் பாருங்கள். ஆள் இறங்கினால் தலை மறையும் ஆழம். மோட்டார் கிடையாது. ஒரு குன்றிலிருந்து எதிர்க் குன்றுக்குத் தண்ணீரைக் கொண்டு சேர்ப்பது கொத்தனார்கள் 'வாட்டம்' என்று சொல்லும் சரிவு ஒன்றுதான். அது குறைந்தால் வண்டல் படியும். கூடினால் தண்ணீர் தளத்தை அரிக்கும். கட்டியவர்கள் அந்த உயரத்தில் சாரம் கட்டி அந்த வாட்டத்தைச் சரியாக நிறுத்தினார்கள். அவர்கள் பெயர் நம் பாடப் புத்தகங்களில் இல்லை. நம் பிள்ளைகளுக்கு அது படம் எடுக்கும் இடம்.

பேச்சிப்பாறை அணையையும் இப்படித்தான் மறந்தோம். திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில் கட்டப்பட்டு, 1906இல் முடிந்தது அது. கட்டிய பொறியாளர் மிஞ்சின் அணையருகிலேயே அடக்கமாகியிருக்கிறார். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்குத் தேனிக்காரர்கள் பொங்கல் வைக்கிறார்கள். அந்த நன்றி நமக்கும் வர வேண்டும்.

துக்க நாளுக்குள்ளேயும் சொல்ல வேண்டிய செய்தி இருக்கிறது. 2004இல் அலை வருகிறது என்று நமக்குச் சொல்ல ஆளில்லை. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. ஆழ்கடலின் அடியில் வைத்த கருவி, மேலே நிற்கும் தண்ணீரின் அழுத்தம் மாறுவதை உணர்ந்து, மிதவைக்கும் அங்கிருந்து செயற்கைக்கோளுக்கும் சேதி அனுப்புகிறது. 2012 ஏப்ரல் 11இல் சுமத்ரா அருகே 8.6 அளவில் பூமி அதிர்ந்தபோது கரையோரத்துக்கு எச்சரிக்கை வந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரின் கண்ணீருக்கு மனித அறிவு கொடுத்த பதில் என்றே நான் இதைக் கருதுகிறேன். டிசம்பர் 26 கூட்டங்களில் இதையும் பத்து நிமிடம் பேசினால் இறந்தவர்களுக்குக் குறைவு வந்துவிடாது.

ஒரு கோரிக்கை வைக்கிறேன். கன்னிப்பூ நெல் சாகுபடிக்குப் பேச்சிப்பாறை மதகு திறக்கும் நாளில் மலர் தூவுகிறார்கள், மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது, அத்தோடு சரி. அதை ஊர்த் திருநாளாக்குவோம். பள்ளிப் பிள்ளைகளை மதகு தொடங்கிக் கடைவரம்பு வரை கால்வாய்க்கரை வழியே கூட்டிப்போய், தண்ணீர் எங்கே பிரிகிறது, எந்தக் குளத்தில் சேர்கிறது என்று காட்டுவோம். மதகைத் திருகும் லஸ்கரை மேடையில் முதல் நாற்காலியில் உட்காரவைப்போம். முதல் ஆண்டுச் செலவை இந்தக் கூட்டத்தை நடத்தும் அறக்கட்டளை ஏற்குமா என்று நிர்வாகிகளை இந்த மேடையிலேயே கேட்கிறேன்.