கன்னியாவின் ஏழு கிணறுகள்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பிரயாண அநுபவம் ஒன்றைப் பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்தார். கடல் கடந்த யாத்திரை எதுவும் நான் செய்தவனல்லன். குடும்பத்தோடு கன்னியா வெந்நீரூற்றுக்குச் சென்று வந்தேன். அங்குக் கண்டதையும், அதனால் எழுந்த எண்ணங்களையும் உங்கள் முன் வைக்கின்றேன்.

புட்டும் சம்பலும் பொதிகட்டிக்கொண்டு, அம்மா, பெரியம்மா, மச்சாள், பிள்ளைகள் என ஒன்பது பேர் விடியற்புறம் வானில் புறப்பட்டோம். வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகப் பயணம். திருகோணமலை நகரை அடைவதற்குச் சுமார் 8 கிலோமீற்றர் இருக்கையில், பக்க வழியொன்றில் திரும்பினால் கன்னியா.

அங்கே பெரிய நீர்வீழ்ச்சி எதுவும் இல்லை. சுற்றுமதிலுக்குள் ஏழு சிறிய சதுரக் கிணறுகள், அவ்வளவே. எட்டிப் பார்த்தால் அடி தெரியும். வாளியால் அள்ளித் தலையில் வார்க்க வேண்டும். வெப்பம் 40 பாகை செல்சியசை அண்டியது. ஆயினும் கிணற்றுக்குக் கிணறு சிறிது வேறுபடும். எது கூடச் சுடுகிறதென்று அறியப் பிள்ளைகள் ஏழு கிணற்றுக்கும் ஓடித் திரிந்தார்கள்.

இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக வாளால் நிலத்தில் ஏழிடங்களிற் குத்த, நீர் பொங்கியது என்பது ஐதீகம். எமக்குக் கீரிமலை எப்படியோ, அப்படியே அப்பகுதிச் சைவ மக்கள் இறந்தோர்க்குரிய கடன்களைக் கன்னியாவிற் செய்வது வழக்கம். அவ்விடத்தின் உரிமை பற்றி வழக்கும் விவாதமும் எழுந்ததைப் பெரியோர் அறிவீர்கள். இன்று நான் நீரைப் பற்றி மட்டுமே பேச வந்துள்ளேன்.

கதையைக் கேட்டு முடிந்ததும் அம்மா கேட்டார்: "அது சரியடா தம்பி, கீழை நெருப்பு இல்லாமல் தண்ணி எப்பிடிச் சுடும்?"

நல்ல கேள்வி. இலங்கையில் இன்று எரிமலை இல்லை. ஆனால் பூமியின் உள்ளே போகப் போக உஷ்ணம் கூடும். உலகின் பல பாகங்களில் ஒவ்வொரு கிலோமீற்றர் ஆழத்துக்கும் ஏறக்குறைய 25 முதல் 30 பாகை வரை கூடுகிறது. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே வெகு ஆழம் இறங்கிச் சூடேறுகிறது. வேறொரு வெடிப்பு வழியே மேலே வருகிறது. கன்னியாவும், மகாஓயாவும், அம்பாந்தோட்டைப் பக்கத்து மகாபெலஸ்ஸவும் இத்தகைய ஊற்றுகளே. ஆகவே, நாம் தலையில் வார்த்த வெந்நீர் என்றோ பெய்த மழையே.

எரிமலைப் பிரதேசங்களில் இதே நீர் பீறிட்டு எழுகிறது. ஒடுங்கிய குழாய் போன்ற வெடிப்பினுள் நிறைந்த நீரின் பாரத்தால், அடியிலுள்ள நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதியாதிருக்கும். மேல்நீர் சற்று வழிந்து பாரம் குறைந்ததும், அடிநீர் திடீரென ஆவியாகி முழுவதையும் ஆகாயத்தில் வீசிவிடும். ஐஸ்லாந்து தேசத்தில் அவ்வாறு பீறிடும் ஊற்றொன்றின் பெயர் 'கெய்சிர்'. அப்பெயரே இவ்வகை ஊற்றுகள் அனைத்துக்கும் ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. அமெரிக்காவில் இவை மிகுந்த யெலோஸ்டோன் பிரதேசத்தை 1872இல் தேசியப் பூங்காவாக்கிக் காத்தார்கள்.

நியூசிலாந்தின் ரொட்டோருவா நகரத்தார் கதை வேறு. வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் சூடு தேடி எண்ணற்ற குழாய்க் கிணறுகளை இறக்கினார்கள். பீறூற்றுகள் ஒவ்வொன்றாய் நலிந்தன. 1980களின் பிற்பகுதியில் அந்நாட்டு அரசு, போஹுட்டு என்னும் புகழ்பெற்ற ஊற்றைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீற்றருக்குள் இருந்த குழாய்க் கிணறுகளை மூடச் செய்தது. அதன்பின் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது; நலிந்த ஊற்றுகள் பலவும் தெளிந்தன. எடுப்பதற்கு அளவு வைத்தால் பூமி மன்னிக்கும் என்பதற்கு இது சான்று.

இளைஞர்களே, இதை மயிலிட்டியில் நின்று ஏன் சொல்கிறேன்? 1990இல் இவ்வூரை விட்டு வெளியேறியவர்கள் நாம். 2017 முதல் படிப்படியாகத் திரும்பினோம். வந்தவர்கள் பலர் கூரை போடுமுன் செய்த வேலை எது? பற்றை வெட்டி, கிணறு இறைத்ததே! முதல் வாளித் தண்ணீரைக் குடித்துப் பார்த்த முதியோரின் முகம் உங்களிற் பலருக்கு நினைவிருக்கும்.

அந்த நீரும் மழையே. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழை சுண்ணக்கல்லினுள் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாய் நிற்கிறது. கீரிமலையிற் கடலோரத்தில் சுரப்பதும் அதுவே. கன்னியா நீர் ஆழத்திற் சென்று ஆறுதலாகத் திரும்புவது. நமது நீரோ பொந்தும் வெடிப்புமான கல்லின் வழியே விரைவில் வந்து சேர்வது. நாம் நிலத்தில் விடுவதும் அவ்வாறே கிணற்றுக்கு வந்துவிடும். அளவிறந்த உரத்தாலும் மலக்குழிகளாலும் யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அது கைக்குழந்தைகளுக்குத் தீங்கானது. நீரிறைக்கும் இயந்திரத்தை நாள் முழுதும் ஓடவிட்டால் அடியிலுள்ள உவர் மேலேறும்.

ஆகையால் மூன்று காரியங்களை வேண்டுகிறேன். பாழ்கிணற்றைக் குப்பைக் கிடங்காக்காதீர்கள். மலக்குழியைக் கிணற்றுக்கு எட்ட அமைத்து, கீழே ஒழுகாதபடி கட்டுங்கள். மாரி வெள்ளத்தைக் கடலுக்கு விடாமல், வளவிலும் குளத்திலும் மறித்து நிலத்துக்குக் கொடுங்கள். சங்கத்து வாலிபர் வருடத்துக்கு ஒரு குளத்தையேனும் தூர்வாரினால், அதனிலும் மேலான தொண்டு இவ்வூருக்கு இல்லை.

இறந்தோர்க்கு நீர்க்கடன் செய்யும் மரபினர் நாம். பிறக்கப் போகின்றவர்க்கும் நாம் ஒரு நீர்க்கடன் பட்டிருக்கிறோம். அதைத் தீர்ப்போமாக.