வினாவும் விடையும்

(சங்கத்தின் கல்வி உதவித்தொகை வழங்கு விழாவில் ஓர் உபாத்தியாயர் செய்த பிரசங்கம்)



மிகுந்த மார்க்கு வாங்கிய பிள்ளைகளுக்கு நம் சங்கம் இன்று பொருளுதவி செய்கின்றது. இது போற்றத்தக்க தருமமே. ஆயினும், அம்மார்க்குகள் எதனை அளக்கின்றன என்பதைச் சிறிது சிந்தித்தல் வேண்டும். படித்ததை மறவாத வன்மையை அவை அளக்கின்றன. படித்ததைக் கொண்டு ஆராயும் வன்மையைப் பெரும்பாலும் அளப்பதில்லை. அதனை அறிதற்குரிய கருவி வகுப்பில் ஆசிரியன் கேட்கும் வினாவேயாம்.

யான் கண்டதொன்றைக் கூறுகின்றேன். ஒருநாள், "நீராவி நீராக மாறுதற்குப் பெயர் யாது?" என்று கேட்டேன். வகுப்பில் முதல்வனாகிய மாணாக்கன் உடனே விடை பகர்ந்தான். பின்னர்ப் பனிக்கட்டி இட்ட நீரை ஒரு செம்பில் வார்த்து மேசைமேல் வைத்தேன். சிறிது நேரத்தில் அதன் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் அரும்பின. "இவை எங்கிருந்து வந்தன?" என்றேன். "உள்ளிருந்த நீர் கசிந்தது" என்றான் அதே மாணாக்கன். பெயரை அறிந்தவன் பொருளை அறிந்திலன்.

"தவறு, உட்கார்" என்பது என் பழைய வழக்கம். அன்று அதனை அடக்கிக்கொண்டு, "கசிந்ததுதானா என்று எவ்வாறு சோதிப்பது?" என வகுப்பு முழுவதையும் வினவினேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. யானும் பேசாதிருந்தேன். பரீட்சைகளில் ஒருநாளும் முன்னணியில் நில்லாத சிறுமி ஒருத்தி கடைசி வரிசையில் எழுந்து, "ஐயா, நீருக்குப் பதிலாக மோர் வார்த்துப் பார்ப்போம். கசிவதானால் வெளியிலும் மோரன்றோ அரும்பவேண்டும்?" என்றாள். அவ்வாறே பனிக்கட்டியிட்ட மோரை வார்த்தோம். வெளியே அரும்பியது தெளிந்த நீரே. காற்றிலுள்ள நீராவியே குளிர்ந்த செம்பிற் படிந்தது என்பதைப் பிள்ளைகள் தாமே கூறினர். அச்சிறுமியின் அறிவை அதுகாறும் யான் அறியாதிருந்தது அவள் குற்றமன்று. என் வினாக்களின் குற்றமே.

நன்னூலார் வினாவை ஆறு வகையாக வகுத்து, அறிவினாவை முதலில் வைத்தார். தான் அறிந்ததனை மாணாக்கன் அறிந்துளானோ என்று ஆசிரியன் வினவுவது அது. ஆனால் "யாது?" என்பதோடு அவ்வினா நின்றுவிடலாகாது. "ஏன்?", "எவ்வாறு அறிந்தாய்?", "வேறு விதமாயின் என்னாகும்?" என்று மேற்செல்லல் வேண்டும். கேட்டபின் பொறுத்திருத்தலும் வேண்டும். ஆசிரியர்கள் வினவியபின் ஏறக்குறைய ஒரு விநாடியே காத்திருக்கின்றனர் என்றும், 3 விநாடியேனும் காத்திருப்பின் விடைகள் விரிவடைகின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகின்றனர் என்றும் மேரி பட் ரோ என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1974-ல் வெளியிட்ட கட்டுரையிற் காட்டினார். தவறான விடையையும் இகழாது, அது பிறந்த வழியைக் கேட்டறிதல் வேண்டும். இகழப்பட்ட பிள்ளை மறுமுறை வாய் திறவாது.

பெற்றோர்களே! பள்ளியினின்று வந்த பிள்ளையிடம் "எத்தனை மார்க்கு?" என்பதற்கு முன், "இன்று நீ என்ன கேள்வி கேட்டாய்?" என்று வினவுங்கள்.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். இன்றைய உதவித்தொகைப் பட்டியலில் அத்தகைய சிறுமியின் பெயர் ஏறுவதற்கு வழியில்லை. வரும் ஆண்டு முதல், மார்க்கோடு ஒவ்வொரு பிள்ளையையும் நேரில் அழைத்து, புத்தகத்தில் விடையில்லாத வினா ஒன்றேனும் கேட்டுப் பொறுமையோடு செவிசாய்ப்பீர்களாக. கடைசி வரிசையில் இருப்பவர்களும் நம் பிள்ளைகளே.